கருவிகளுக்கும் கதவு எண் உண்டு



விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற தோழிக்குக் கடிதம் எழுதுகிறோம். உள்ளே எத்தனை அன்பைக் கொட்டி எழுதினாலும், உறையின் மேல் கதவு எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? கடிதம் வேறு வீட்டுக்குப் போகும். அல்லது சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து சேரும். நம் நாட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தாலும் அந்த எண் குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறது.

மனிதருக்கு மட்டுந்தானா விலாசம்? தொழிற்சாலையில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நீரோட்டத்தையும் அளக்கும் கருவிகளுக்கும் விலாசம் உண்டு. அந்த விலாசம் தவறினால் கடிதம் தவறுவதைவிடப் பெரிய துன்பம் நேரும். இவ்வுண்மையை, எங்கள் அறிவியல் மன்றத்தார் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தைக் காணச் சென்றபோது நேரில் அறிந்தோம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பாலும் வெப்பமும்

கறந்த பால் ஏறத்தாழ நம் உடம்பின் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகும். ஆகவே கிராமங்களிலிருந்து வந்து சேரும் பாலை உடனே 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரச் செய்து, பளபளக்கும் எஃகுத் தொட்டிகளில் வைக்கிறார்கள். தொட்டிக்குள் ஒரு மெல்லிய எஃகுக் குழாய் இறங்கியிருக்கிறது. அதன் நுனியில் பிளாட்டினக் கம்பி. பிளாட்டினம் சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். 0 டிகிரியில் 100 ஓம் இருக்கும் தடை, 100 டிகிரியில் ஏறத்தாழ 138.5 ஓம் ஆகிறது. இந்தத் தடையை அளந்து டிகிரியாக மாற்றிச் சொல்வதே தொட்டியின் பக்கத்தில் பொருத்திய மீட்டரின் வேலை.

ஆனால் ஒவ்வொரு தொட்டியின் முன்னும் இரவெல்லாம் ஓர் ஆள் நிற்க இயலுமா? எனவே எல்லா மீட்டர்களிலிருந்தும் கேபிள் இழுத்து, கட்டுப்பாட்டு அறையில் உள்ள ஒரே கணிப்பொறியோடு இணைத்திருக்கிறார்கள். அங்கே அமர்ந்திருப்பவர் திரையைப் பார்த்தே எல்லாத் தொட்டிகளின் நிலையையும் அறிகிறார்.

அந்த நிலையத்தின் கருவிப் பொறியாளர் எங்கள் பள்ளியின் பழைய மாணவி. "அக்கா" என்று அழைக்கவே எங்களுக்கு வாய் வந்தது. அன்று புதிய நான்காம் தொட்டிக்கு மீட்டர் பொருத்தும் நாள். "நல்ல நாளில் வந்தீர்கள். பெயர்சூட்டு விழாவைப் பார்க்கலாம்" என்றார் அக்கா.

நான்கு எண்களின் பொருள்

அக்கா ஒரு தாளில் 192.168.1.34 என்று எழுதினார். "இதுதான் இந்த மீட்டருக்கு நாம் வைக்கப்போகும் பெயர்" என்றார். இதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். இம்முறையின் இலக்கணம் 1981-ஆம் ஆண்டு வெளியானது. புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஏன் 255? கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே. எட்டு இடங்களில் இவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 256 வகை கிடைக்கும். நான்கு எட்டுகள் சேர்ந்து 32 இடங்கள். மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. உலகத்துக் கருவிகள் அனைத்திற்கும் இது போதவில்லை. ஆகவே 192.168 என்று தொடங்குவன போன்ற சில தொகுதிகளை, ஒவ்வொரு நிறுவனமும் தன் மதிலுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். இந்த ஏற்பாடு 1996-இல் முறைப்படி வெளியானது. 'வடக்குத் தெரு' எல்லா ஊரிலும் இருப்பது போல, 192.168.1 என்னும் தெருவும் எத்தனையோ அலுவலகங்களில் இருக்கிறது. மதிலுக்குள் மட்டும் செல்லும் பெயராதலால் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

முகவரியில் எது தெரு, எது வீடு? இதைச் சொல்வதற்கு 'சப்நெட் மாஸ்க்' என்னும் இரண்டாவது எண் வரிசை இருக்கிறது. 255.255.255.0 என்பது அதன் வழக்கமான வடிவம். 255 உள்ள இடமெல்லாம் தெருப்பெயர்; 0 உள்ள இடம் கதவு எண். ஆகவே 192.168.1 என்பது தெரு, 34 என்பது கதவு எண். இத்தெருவில் 0 என்பது தெருவையே குறிப்பது. 255 என்பது தெருவில் உள்ள அனைவரையும் ஒருசேர அழைப்பது. இவ்விரண்டையும் எவருக்கும் கொடுப்பதில்லை. மீதி 254 கதவுகள்.

ஒரே தெருவில் உள்ள இரண்டு கருவிகள் நேராகப் பேசிக்கொள்ளும். வேறு தெருவுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் தெருமுனைத் தபால் நிலையம் போன்ற ஒன்றிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் 'கேட்வே' என்று பெயர். கருவிக்கு நாம் சொல்லித்தர வேண்டியவை இம்மூன்றே: அதன் முகவரி, மாஸ்க், கேட்வே.

பெயர்சூட்டும் முறை

முதலாவதாக, அக்கா மீட்டரைத் தொடவேயில்லை. ஓர் அட்டை போட்ட நீண்ட நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கட்டுப்பாட்டு அறைக் கணிப்பொறி 10. முதல் தொட்டி 31. இரண்டாம் தொட்டி 32. மூன்றாம் தொட்டி 33 என்று கோடு போட்டு எழுதியிருந்தது. 34-க்கு நேரே இடம் காலி. அதில் பென்சிலால் "நான்காம் தொட்டி" என்று எழுதிய பிறகே வேலையைத் தொடங்கினார்.

இரண்டாவதாக, புதிய மீட்டரை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே மேசை மேல் வைத்து, ஒரு கேபிளால் லேப்டாப்போடு இணைத்தார். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்கு 192.168.0.10 என்ற முகவரி இடப்பட்டிருந்தது. கூர்ந்து பாருங்கள்: மூன்றாவது எண் 1 அன்று, 0. அதாவது அது வேறு தெருவில் நிற்கிறது. இங்கேயே பலர் தடுமாறிப் போகிறார்கள். கேபிள் சரியாக இருந்தும் "மீட்டர் பேசவில்லை, பழுது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அக்கா லேப்டாப்பின் முகவரியைத் தற்காலிகமாக 192.168.0.20 என்று மாற்றினார். இப்போது இரண்டும் ஒரே தெருவுக்கு வந்துவிட்டன.

மூன்றாவதாக, 'பிங்' என்னும் கட்டளையைக் கொடுத்தார். "இருக்கிறாயா?" என்று கேட்பதும் "இருக்கிறேன்" என்று பதில் வருவதுமே பிங். பதில் வந்தது. பிறகு மீட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லை இட்டு, 192.168.1.34, 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று நிரப்பிச் சேமித்தார். உடனே திரை உறைந்து போனது! நாங்கள் திகைத்தோம். அக்கா சிரித்தார். "பயப்படாதீர்கள். அது புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது. நாம் இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறோம்." லேப்டாப்பையும் புதிய தெருவுக்கு மாற்றியதும் மீட்டர் மீண்டும் பதில் சொன்னது.

நான்காவதாக, மீட்டரின் மேல் 34 என்று எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டினார். நோட்டில் பென்சில் எழுத்தின் மேல் மையால் எழுதித் தேதியும் கையெழுத்தும் இட்டார்.

வேலை முடிந்தது என்று எண்ணினோம். முடியவில்லை. மீட்டரை அதன் இடத்தில் பொருத்தி இணைத்த பின், வெப்பக் குழாயைத் தொட்டிக்குள் விடாமல், ஒரு பாத்திரத்தில் நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்து அதற்குள் வைத்தார். எங்களில் இருவரைக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடச் சொன்னார். திரையில் 'நான்காம் தொட்டி' என்ற இடத்தில் எண் இறங்கி 0-க்கு அருகில் நின்றது. மற்ற மூன்றும் அசையவில்லை. "இப்போதுதான் பெயர் சூட்டி முடிந்தது" என்றார் அக்கா.

ஏன் இத்தனை கவனம்?

"பிங் பதில் சொன்னாலே போதாதா, அக்கா? பனிக்கட்டி எதற்கு?" என்று கேட்டோம். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பின்பு தாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு நிலையத்தில் நடந்ததைக் கூறினார்.

அன்று அங்கே இரண்டாம் தொட்டியைக் கழுவுவதற்காக அதன் மீட்டருக்கும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் தொட்டிக்குப் புது மீட்டர் வந்தது. நோட்டுப் புத்தகம் என்று ஒன்று அங்கே இல்லை. ஒரு முகவரிக்குப் பிங் கொடுத்துப் பார்த்தார்கள், பதில் இல்லை. "காலி" என்று எண்ணி அதையே புது மீட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது காலியன்று. உறங்கிக்கொண்டிருந்த இரண்டாம் தொட்டி மீட்டரின் முகவரி அது. பதில் வரவில்லை என்றால் வீட்டில் ஆளே இல்லை என்று பொருளா? கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் கூடுமன்றோ?

மாலையில் இரண்டாம் தொட்டியில் பால் நிரப்பினார்கள். மீட்டரின் ஸ்விட்சைப் போட மறந்தார்கள். மற்ற நாட்களில் அப்படி மறந்தால் திரையில் சிவப்பு எழுத்தில் 'தொடர்பு இல்லை' என்று வந்துவிடும். அன்று வரவில்லை. ஏனெனில் கணிப்பொறி இரண்டாம் தொட்டியை அழைத்தபோதெல்லாம் மூன்றாம் தொட்டியின் மீட்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நள்ளிரவில் இரண்டாம் தொட்டியின் குளிரூட்டும் இயந்திரம் நின்றது. திரையில் இரண்டு தொட்டிகளும் ஒரே போல 4.2, 4.2 என்று காட்டின. புள்ளிக்குப் பின்னுள்ள எண்கூட மாறவில்லை. பார்த்தவர்கள் நல்லதென்று மகிழ்ந்தார்கள். ஐயப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விடியற்காலையில் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் அம்மாள் ஒருவர், வழக்கம்போல் கண்ணாடி வெப்பமானியைப் பாலில் விட்டுப் பார்த்தார். எண் மேலே ஏறியிருந்தது. ஒரு குழாயில் எடுத்துக் கொதிக்க வைத்தார், பால் திரிந்தது. அந்தத் தொட்டிப் பால் முழுவதையும் சாக்கடையில் விட்டார்கள். ஓரிரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு விடியுமுன் எழுந்து கறந்து, தூக்கில் சுமந்து வந்து ஊற்றிய எத்தனையோ தாய்மார்களின் உழைப்பு அது.

"அந்த முகவரியைக் கொடுத்தவள் நான்தான்" என்றார் அக்கா. "அன்று முதல் நோட்டுப் புத்தகம் இல்லாமல் நான் கருவியைத் தொடுவதில்லை."

எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

இரண்டும் விழித்திருந்தால்?

இரண்டு மீட்டர்களும் ஒரே முகவரியோடு விழித்திருந்தால் என்ன நடக்கும்? ஐ.பி. முகவரி நாம் வைத்த பெயர். இதைத் தவிர ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த 48 இட எண் ஒன்று உண்டு. நம் மாற்றுச் சான்றிதழில் எழுதும் அங்க அடையாளம் போன்றது அது. கணிப்பொறி முதலில், "192.168.1.32 யார்?" என்று தெரு முழுவதும் கேட்கக் கூவுகிறது. உரிய கருவி தன் அங்க அடையாளத்தைச் சொல்கிறது. கணிப்பொறி அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. இரண்டு கருவிகள் "நான்தான்" என்றால், எதன் பதில் நினைவில் நிற்கிறதோ அதனோடு பேசும். சற்றுக் கழித்து மற்றதனோடு பேசும். திரையில் எண்கள் மாறி மாறித் தாவும். தொடர்பு அறுந்து அறுந்து வரும். இத்தகைய நோயைக் கண்டால் முகவரி மோதலை ஐயுற வேண்டும்.

சில நிலையங்களில் இதைவிடப் பழைய முறை ஒன்றும் வழங்குகிறது. அதன் பெயர் மாட்பஸ்; 1979-இல் தோன்றியது. இதில் இரண்டு கம்பிகளில் பல மீட்டர்களை வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 247 வரை ஓர் எண் தருகிறார்கள். வகுப்பில் ஆசிரியை வருகைப் பதிவேட்டை வாசிப்பது போலக் கணிப்பொறி எண்ணைச் சொல்லி அழைக்கும். அந்த எண்ணுக்கு உரிய மீட்டர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். பல மீட்டர்கள் கடையிலிருந்து வரும்போது 1 என்ற எண்ணோடே வருகின்றன. மாற்றாமல் இரண்டை இணைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் "உள்ளேன்" என்று கூவும், ஒன்றும் விளங்காது. சில மீட்டர்களில் எண்ணை மாற்ற 1, 2, 4, 8, 16 என்ற மதிப்புள்ள சிறு ஸ்விட்சுகள் இருக்கும். 21 வேண்டுமா? 16, 4, 1 ஆகிய மூன்றையும் போட வேண்டும். கணக்கு வகுப்பில் படித்த இருமை எண்கள் எங்கே உதவும் என்று கேட்டவர்களுக்கு இதோ விடை!

கணிப்பொறிக்கு முகவரியைத் தானாகவே வழங்கும் முறையும் உண்டு. 1993 முதல் வழங்கிவரும் இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். விருந்தினர் வந்தால் காலியான நாற்காலியைக் காட்டுவது போன்றது இது. நம் கைப்பேசிகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் அளக்கும் கருவி விருந்தாளியன்று, குடும்பத்தில் ஒருவர். இன்று ஒரு நாற்காலி, நாளை வேறு நாற்காலி என்றால் கணிப்பொறி அதை எங்கே தேடும்? ஆதலால் அதற்கு நிலையான முகவரியே வைக்கிறார்கள்.

பூட்டும் சாவியும்

கதவு எண் இருந்தால் போதாது, கதவுக்குப் பூட்டும் வேண்டும். 2023 நவம்பரில் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிக்விப்பா என்னும் ஊரின் குடிநீர் அமைப்பில் நீரழுத்தத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை, எங்கிருந்தோ சிலர் இணையத்தின் வழியே கைப்பற்றிவிட்டனர். ஊழியர்கள் அதனை நிறுத்திக் கையால் இயக்கிச் சமாளித்தார்கள். நல்ல வேளையாகக் குடிநீருக்குத் தீங்கு நேரவில்லை. அதன்பின் அந்நாட்டு அரசு விடுத்த அறிவுரை எளியது: தொழிற்சாலையில் இட்ட 1111 என்னும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், இத்தகைய கருவியை இணையத்தில் நேராகத் திறந்து வைக்காதீர்கள். நான்காம் தொட்டியின் மீட்டரிலும் அக்கா முகவரியோடு கடவுச்சொல்லையும் மாற்றினார். அது என்னவென்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாததுதானே சரி!

நோட்டுப் புத்தகம் வைத்திருந்த பெண்மணி

முகவரிக்கு நோட்டு வைப்பது சிறுவேலை என்று நினையாதீர்கள். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பு வளர்ந்து வந்த நாளில், அதிலுள்ள கணிப்பொறிகளின் பெயரையும் முகவரியையும் ஒரே பட்டியலாகப் பேணியது கலிபோர்னியாவில் இருந்த ஒரு தகவல் மையம். 1972 முதல் 1989 வரை அதனை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணி. புதிய கணிப்பொறியைச் சேர்க்க விரும்புவோர் அவருடைய மையத்திடமே பெயரைப் பதிவு செய்தார்கள். இன்று நாம் நாள்தோறும் காணும் டாட் காம், டாட் எடு போன்ற பெயர்ப் பிரிவுகள் உருவானதிலும் அவருடைய குழுவுக்குப் பங்கு உண்டு. பெயர்கள் மோதாமல் ஒருவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டதால்தான் வலை விரிந்தது.

நாங்கள் செய்தது

பள்ளிக்குத் திரும்பியதும் எங்கள் கணிப்பொறி அறையின் நினைவு வந்தது. அங்குள்ள அச்சுப்பொறி சில நாள் வேலை செய்யும்; சில நாள் கேட்கவே கேட்காது. "அதற்கு மனம் வந்தால் அச்சடிக்கும்" என்று நாமெல்லோரும் கேலி செய்வதுண்டு அல்லவா? ஆசிரியையிடம் அனுமதி பெற்று, கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணிப்பொறியின் முகவரியையும் குறித்தோம். அச்சுப்பொறிக்கு யாரோ எப்போதோ நிலையாக வைத்த முகவரி, தானாக வழங்கும் தொகுதிக்குள்ளேயே இருந்தது. ஆகவே சில நாட்களில் அதே முகவரி ஏதாவது ஒரு கணிப்பொறிக்கும் போய்விட்டது! ஆசிரியை அச்சுப்பொறிக்குத் தொகுதிக்கு வெளியே வேறு எண் கொடுத்தார். அன்று முதல் அதற்கு எல்லா நாளும் மனம் வருகிறது.

அந்த நோட்டு இப்போது கணிப்பொறி அறையின் கதவருகே ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஆண்டு எங்கள் இடத்தில் அமரப்போகும் தங்கைகளே, புதிய கணிப்பொறி வந்தால் முதலில் நோட்டைத் திறந்து எழுதுங்கள். பிறகு கருவியைத் தொடுங்கள். வேலை முடிந்ததென்று எண்ணும்போது, பனிக்கட்டியில் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். திரை சொல்வது மெய்தானா என்று தம் கையால் பார்த்தறிந்த அந்த ஆய்வுக்கூட அம்மாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

— அறிவியல் மன்ற மாணவியர்